லேசருக்கு முந்தைய ஒரு மணி நேரம்

கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வருகிற இளைஞர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. லேசிக்கா, ஸ்மைலா, எது புதுசு, எதில் கத்தியே படாது? கூட வருகிற பெற்றோர் செலவையும் எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்பதையும் கேட்கிறார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் இந்தத் தொழிலில் பல பத்தாண்டுகளைக் கழித்த எனக்கு அவை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்கவேண்டியவையாகப் படுகின்றன. இந்தக் கண்ணில் இதைச் செய்யலாமா என்பதுதான் முதலில் வரவேண்டியது. மேசையில் லேசர் ஓடுகிற நேரம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கண்ணின் பிற்காலம் அதற்கு முந்தைய பரிசோதனை அறையிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பிளேடு இல்லை, தையல் இல்லை, நுண்துளை மட்டும்தான் என்று விளம்பரப் பலகைகள் சொல்வதில் பொய் கிடையாது. அவை காயத்தின் அளவைச் சொல்கின்றன. கண்ணிலிருந்து எவ்வளவு எடுக்கப்படுகிறது, மிஞ்சுவது இன்னும் 50 ஆண்டுகள் தாங்குமா என்பதற்கு அந்தப் பலகையில் இடமில்லை. இந்த அறுவை சிகிச்சை இன்று இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதில் பெரும் பங்கு, யாருக்குச் செய்யக் கூடாது என்று நாங்கள் கற்றுக்கொண்டதால் வந்தது என்று நான் நம்புகிறேன். கருவிகளின் பங்கு அதற்கு அடுத்ததுதான். அந்த நம்பிக்கைக்கான காரணங்களை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் கனம், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய சுவர்தான் செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவருக்கு ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கருவிழியின் நடுவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் அந்தக் குவியம் பின்னால் நகர்ந்து விழித்திரையில் விழும். லேசிக், ஸ்மைல், பி.ஆர்.கே. எல்லாமே அடிப்படையில் இந்த ஒரே வேலையைத்தான் செய்கின்றன. தட்டையாக்க வேண்டுமென்றால் திசுவை எடுத்தாக வேண்டும். 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீர் செய்தால் ஒரு டயாப்டர் பவருக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் போகும் என்பது எங்கள் தொழிலின் வாய்ப்பாடு. மைனஸ் ஆறு என்றால் 72 மைக்ரான். அகலத்தைக் கூட்டினால் ஆழமும் கூடும். கருவிழியின் மேல்தோல் சில நாட்களில் திரும்ப வளர்ந்துவிடும். அதன் அடியில் இருக்கும் நார்த்திசு ஒரு முறை போனால் போனதுதான். கண்ணாடியைப் பிடிக்காவிட்டால் மாற்றலாம், காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைக்கலாம். இங்கே அப்படிப் பின்வாங்க வழி கிடையாது என்பதை நோயாளியைவிட மருத்துவர் அதிகமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

லேசர் வருவதற்கு முந்தைய வரலாறு எங்கள் தலைமுறைக்கு ஒரு பாடமாகவே சொல்லித் தரப்பட்டது. ஜப்பானில் சுதோமு சாட்டோ 1930-களின் இறுதியிலிருந்து கருவிழியில் கீறல்கள் போட்டுக் கிட்டப்பார்வையைக் குறைக்க முயன்றார். கருவிழியின் உட்புறத்திலிருந்தும் கீறினார். உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றைச் செல் அடுக்குதான் கருவிழியில் நீர் கோக்காமல் காத்து அதைத் தெளிவாக வைத்திருக்கிறது என்பதும், அழிந்தால் அது மீண்டும் வளராது என்பதும் அப்போது தெரியாது. தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துப் பலருடைய கருவிழி வீங்கி மங்கிப்போனது. பிறகு 1970-களில் மாஸ்கோவில் ஸ்வியாதொஸ்லாவ் ஃபியோதரவ் வெளிப்புறத்திலிருந்து மட்டும் ஆரக்கால்கள்போலக் கீறும் முறையைப் பரப்பினார். அது உலகெங்கும் போனது. அமெரிக்காவில் அந்த முறையை முறைப்படி பின்தொடர்ந்த பெர்க் ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 1994-ல் வெளிவந்தபோது, 43 சதவீதக் கண்கள் ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தன. மைனஸை நீக்கிக்கொள்ள வந்தவர்கள் மெல்ல மெல்லப் பிளஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு முறைகளிலும் ஓராண்டுக் கணக்கு அழகாகத்தான் இருந்தது. தவறைக் காட்டிக் கொடுத்தது காலம். அறுவை செய்தவர்கள் அவசரக்காரர்களோ பேராசைக்காரர்களோ இல்லை, அன்று தெரிந்ததை வைத்துச் செய்தார்கள். அதனால்தான் புதிதாக எந்த முறை வந்தாலும் முதல் ஆண்டின் முடிவை மட்டும் பார்த்து என்னால் மகிழ முடிவதில்லை.

லேசரின் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. அது நம்மவர்களுக்கு இன்னும் பரவலாகத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம். 1929-ல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் 193 நானோமீட்டர் புற ஊதா லேசரால் பிளாஸ்டிக்கைச் செதுக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று அதன்மேல் அந்த லேசரைப் பாய்ச்சினார். ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் அந்த ஆராய்ச்சியில் உடன் இருந்தவர்கள். பச்சை நிற லேசர் பட்ட இடம் கருகியது. புற ஊதா லேசர் பட்ட இடத்தில் ஓரம்கூடத் தீயாமல், உளி வைத்து எடுத்ததுபோல ஒரு பள்ளம் விழுந்தது. இந்த ஒளி திசுவைச் சுடுவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடுவதால், சூடு பக்கத்துக்குப் பரவும் முன்பே அந்த இடம் ஆவியாகிப் போய்விடுகிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரான்தான் போகும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் இதன் பொருளைப் புரிந்துகொண்டு சீனிவாசனோடு சேர்ந்து 1983-ல் கருவிழி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1988-ல் மார்கரிட் மெக்டொனால்ட் பார்வையுள்ள மனிதக் கண்ணில் செய்து காட்டினார். 1995-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. சீனிவாசனுக்கும் அவருடைய இரு சகாக்களுக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013-ல்தான் கைக்கு வந்தது.

கால் மைக்ரான் துல்லியம் கையில் கிடைத்த பிறகு இனி என்ன கவலை என்ற எண்ணம் எங்கள் துறையில் பரவியது இயல்புதான். முதலில் வந்த பி.ஆர்.கே. முறையில் மேல்தோலைச் சுரண்டிவிட்டு நேராக லேசர் கொடுப்பார்கள். மூன்று நான்கு நாள் வலி இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும், பவர் அதிகமென்றால் சிலருக்குக் கருவிழியில் புகைபோல மங்கல் படியும். வலியில்லாமல் மறுநாளே பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் லேசிக் பிறந்தது. கிரீட் தீவில் இயோனிஸ் பல்லிகாரிஸ் 1990-ஐ ஒட்டி அதற்கு வடிவம் கொடுத்தார். கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாக அறுத்து, புத்தக அட்டையைப்போலத் திருப்பி, அடியில் லேசர் கொடுத்து, மடலைத் திரும்ப மூடுவது. நாங்கள் அதைப் பிளாப் என்போம். ஹோசே பர்ராக்கேர் 1949 முதல் கருவிழியைச் சீவிச் சீர் செய்யப் பாடுபட்ட உழைப்பிலிருந்து வந்த மைக்ரோகெரட்டோம் என்ற சீவுளிதான் இதற்குக் கருவி. மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரத்தைக் கண்ணாடியில்லாமல் பார்க்க முடிவது சின்ன விஷயமில்லை. அந்த மகிழ்ச்சியே லேசிக்கை உலகெங்கும் கொண்டுபோனது. ஆனால் லேசரின் துல்லியம் சீவுளிக்குக் கிடையாது. பிளாப் 160 மைக்ரானில் வரவேண்டும் என்று அமைத்தால், 130-லும் வரலாம், 190-லும் வரலாம்.

அதன் விளைவைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 540 மைக்ரான் கருவிழி, மைனஸ் பத்து பவர். பிளாப்புக்கு 160, லேசருக்கு 120 கழித்தால் அடியில் மிஞ்சுவது 260. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது அந்நாளில் எல்லோரும் பின்பற்றிய விதி, ஆகவே தாளில் இந்தக் கண் தேறிவிடும். பிளாப் உண்மையில் 190-ல் விழுந்திருந்தால் மிஞ்சியது 230 மட்டுமே, மேசையில் அது யாருக்கும் தெரியாது. பிளாப் ஒட்டிக்கொண்டாலும் அது சுமை தாங்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்குவது அடியில் மிஞ்சிய பகுதிதான். அது தாங்காவிட்டால் மெல்லத் தளர்ந்து முன்னால் புடைக்கும். இதை எக்டேசியா என்கிறோம். 1998-ல் தியோ சைலர் இதை முதலில் விவரித்து எழுதினார். அவர் காட்டிய கண்களில் அதிகமாக எடுத்துவிட்ட கண்ணும் உண்டு, வெளியே தெரியாத தொடக்க நிலையில் கெரட்டோகோனஸ் என்ற, கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய் ஏற்கெனவே இருந்த கண்ணும் உண்டு. இரண்டாவது வகைதான் எங்களை உலுக்கியது. முதல் வகைக்குக் கணக்கைத் திருத்தினால் போதும். இரண்டாவதில் கணக்கு சரியாக இருந்தது, கண்ணாடி பவர் சரியாக இருந்தது, நோயாளிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அறுவைக்கு முன்பே அந்தக் கருவிழி பலவீனமாக இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கத் தவறினோம்.

இதற்குப் பின்னால் வந்த மாற்றத்தைத்தான் என் காலத்தின் பெரிய மாற்றமாக நினைக்கிறேன். விளம்பரத்தில் இடம்பெறாத மாற்றம் அது. முன்பெல்லாம் கருவிழியின் முன்பரப்பில் வட்ட வளையங்களைப் பிரதிபலித்து அதன் மேடுபள்ளத்தை வரைபடமாக்கினோம். முன்பக்கம் ஒழுங்காக இருந்தால் சரி என்று விட்டுவிடுவோம். பிறகு பென்டாகேம் போன்ற கருவிகள் வந்து பின்பரப்பையும் ஒவ்வொரு புள்ளியின் கனத்தையும் காட்டத் தொடங்கின. கெரட்டோகோனஸ் பல கண்களில் பின்பரப்பில்தான் முதலில் தலைகாட்டுகிறது. முன்பரப்பில் ஏன் தெரியாமல் போகிறது என்றால், மேல்தோல் தன்னால் முடிந்தவரை மேட்டின்மேல் மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் பரப்பைச் சமமாக்கிவிடுகிறது. கண் தன் குறையைத் தானே மறைக்கிறது. அதனால் இன்று மேல்தோலின் கனத்தையும் தனியாக வரைபடமாக்கிப் பார்க்கிறோம். 250 என்ற ஒற்றை எண்ணும் போதவில்லை. 490 மைக்ரான் கருவிழியில் மைனஸ் எட்டுக்கு 110 மைக்ரான் பிளாப்பும் 96 மைக்ரான் லேசரும் போனால் 284 மிஞ்சுகிறது, பழைய விதிப்படி பாஸ். ஆனால் மொத்தக் கனத்தில் 42 சதவீதத்தை அசைத்துவிட்டோம். 40 சதவீதத்தைத் தொட்டாலே ஆபத்து கூடுகிறது என்று 2014-ல் சான்டியாகோவின் குழு காட்டிய பிறகு அந்தக் கண் பலருக்கும் வேண்டாம் என்ற பட்டியலில் போய்விட்டது. வயது, பவர், கனம், வரைபடம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையை ராண்டில்மன் 2008-லேயே கொடுத்திருந்தார். இவற்றில் எதுவும் அறுவைக் கருவி இல்லை. வந்தவரைச் சலிக்க உதவும் சல்லடைகள் இவை.

அந்தச் சல்லடையில் இயந்திரம் செய்யாத பகுதியும் இருக்கிறது, அதில்தான் நேரம் அதிகம் போகிறது. காண்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் மென்மையான லென்ஸை ஒன்றிரண்டு வாரமும் கடினமான லென்ஸை மூன்று நான்கு வாரமும் நிறுத்திய பிறகே அளவெடுக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸே கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றியிருக்கும். கடந்த ஓராண்டில் பவர் ஏறியிருக்கிறதா என்று பழைய கண்ணாடிச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, கண் தானாக இழுத்துப் பிடித்திருக்கும் பவரைத் தளர்த்திவிட்டு, உண்மையான பவரைக் காண வேண்டும். அதே விரிப்பில் விழித்திரையின் ஓரங்களையும் பார்த்துவிட வேண்டும். கண்ணீர் போதுமா என்று இமைக்குள் காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிடம் அளக்க வேண்டும். முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, மூட்டுவாதம் இருக்கிறதா, கர்ப்பமா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, கண்ணைக் கசக்குகிறீர்களா என்பது. வெயிலும் தூசியும் சேர்ந்த நம் ஊர்களில் குழந்தைப் பருவத்துக் கண் அலர்ஜி அதிகம். ஆண்டுக்கணக்கில் முட்டியை வைத்துக் கசக்குவது கருவிழியைத் தளர்த்துகிற காரணங்களில் ஒன்று. அந்தப் பழக்கம் உள்ளவருக்கு வரைபடம் சுத்தமாக இருந்தாலும் நான் தயங்குவேன். அம்மாவையோ அண்ணனையோ கூட்டி வந்திருந்தால் அவர்களிடம் கேட்பது நல்லது. கசக்குபவருக்குத் தான் கசக்குவது பெரும்பாலும் தெரியாது.

அறுவைக் கருவிகளும் இதற்குள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மிகக் குறுகிய லேசர் துடிப்பைச் சேதமில்லாமல் பெருக்கும் வழியை 1985-ல் ஜெரார் மூருவும் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் கண்டார்கள், அதற்காக 2018-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த வழியில் வந்த ஃபெம்டோ லேசர் 2000-ஐ ஒட்டிச் சீவுளியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. பிளாப்பின் கனம் ஒருசில மைக்ரான் தவறுக்குள் அடங்கியது. 160 என்றிருந்தது 100, 110 என்று குறைந்தது. பிறகு ஜெர்மனியில் வால்டர் செகுன்டோவும் மார்கஸ் பிளமும் பிளாப்பையே விட்டுவிட்டார்கள். கருவிழிக்குள்ளேயே லேசரால் மேலும் கீழும் இரண்டு தளங்களை வரைந்து, நடுவில் உருவாகும் மெல்லிய வில்லையை இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் துளை வழியாக உருவி எடுத்துவிடுவது. அதுதான் ஸ்மைல். பிளாப்புக்குக் கருவிழியைச் சுற்றி ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அறுக்க வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்தான். வடோதராவில் ரூபல் ஷாவின் குழு 2011-லேயே தங்கள் முடிவுகளை வெளியிட்டது. அமெரிக்க அனுமதி 2016-ல்தான் வந்தது. கருவிழி நரம்புகள் குறைவாக அறுபடுவதால் முதல் சில மாதங்களில் கண் உலர்வது குறைவு. அடிபட்டால் பிளாப் நகர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. கபடி, குத்துச்சண்டை, காவல்துறை என்று முகத்தில் அடிபடக்கூடிய வேலையில் இருப்பவருக்கு அதை நானே எடுத்துச் சொல்வேன்.

ஆனால் துளை சிறியது என்பதால் எடுப்பதும் சிறியது என்று வந்தவர் நினைத்துக்கொண்டால், அந்த எண்ணத்தைத் திருத்துவது எங்கள் கடமை. அதே பவருக்கு ஸ்மைலில் எடுக்கும் திசு லேசிக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வில்லை கிழியாமல் உருவி எடுக்க அதன் ஓரத்திலும் பத்துப் பதினைந்து மைக்ரான் கனம் தேவைப்படுவதே காரணம். கருவிழியின் முன்பகுதிதான் பின்பகுதியைவிட உறுதியானது, ஸ்மைல் அந்த முன்பகுதியை அறுக்காமல் விடுகிறது, ஆகவே மொத்தத்தில் பலம் கூடுதலாக மிஞ்சும் என்பது எதிர்த்தரப்பு வாதம். இயற்பியல் கணக்குப்படி அது வலுவான வாதம், நான் மதிக்கிறேன். என்றாலும் ஸ்மைலுக்குப் பிறகும் எக்டேசியா வந்த கண்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அறுவைக்கு முந்தைய வரைபடத்திலேயே சந்தேகம் இருந்திருக்கிறது. பலவீனமான கருவிழி எந்த முறையிலும் பலவீனமானதுதான். லேசிக் கூடாது, ஆனால் ஸ்மைல் செய்துவிடலாம் என்று மெலிந்த அல்லது ஐயத்துக்குரிய கருவிழிக்குச் சொல்வது எனக்கு உடன்பாடில்லாத ஆலோசனை.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா, செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்தியாகத்தானே இருக்கிறார்கள் என்று சக மருத்துவர்கள் கேட்பதுண்டு. அந்த எண் உண்மை. எஃப்.டி.ஏ.வும் அமெரிக்கக் கடற்படையும் சேர்ந்து நடத்தி 2017-ல் வெளியான ப்ரவுல் ஆய்வுகளும் அதைத்தான் சொல்லின. அதே ஆய்வுகளில் இன்னொரு எண்ணும் இருந்தது. அறுவைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம், இரட்டை உருவம் என்று எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேர் மூன்றாவது மாதத்தில் புதிதாக ஏதேனும் ஒன்றைச் சொன்னார்கள். அன்றாட வேலையே கடினமாகும் அளவுக்குத் தொந்தரவு இருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். கண் உலர்வு முன்பு இல்லாதவர்களில் 28 சதவீதம் பேருக்குப் புதிதாக வந்திருந்தது. என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, அதே தொந்தரவுகளை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னவர்களைவிடக் கேள்வித்தாளில் குறித்தவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தார்கள் என்பது. அதாவது, நன்றாக இருக்கிறதா என்று நாங்கள் எதிரில் நின்று கேட்டால், நன்றாக இருக்கிறது டாக்டர் என்றுதான் பதில் வரும். திருப்தியும் தொந்தரவும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருக்க முடியும். இரவில் லாரி ஓட்டுபவருக்கும் பகலில் கடையில் உட்காருபவருக்கும் ஒளிவட்டம் ஒன்றாகாது. அதை முன்கூட்டியே வேலையைக் கேட்டறிந்து சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற்றம் வராது.

காண்டாக்ட் லென்ஸ் மட்டும் ஆபத்தில்லையா என்பது இன்னொரு கேள்வி. ஆபத்துதான், சில பழக்கங்களில் லேசரைவிடவும் கூடுதல். லென்ஸோடு இரவில் தூங்குகிறவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஏறத்தாழ இருபது பேருக்குக் கருவிழியில் புண் வருகிறது என்று பழைய அமெரிக்கக் கணக்கு உண்டு, அது ஆண்டுதோறும் தொடரும் ஆபத்து. கிணற்றிலும் குளத்திலும் லென்ஸோடு குளிப்பவர்களுக்கு அதைவிடக் கொடிய கிருமிகளும் வரலாம். அப்படிப்பட்ட ஒருவரின் கருவிழி நல்ல கனத்தோடும் ஒழுங்கான வரைபடத்தோடும் இருந்து, பவர் நிலைத்திருந்தால், லேசர் செய்துகொள்வதே அவருக்கு நல்லது என்று தயங்காமல் சொல்வேன். நான் இந்த அறுவைக்கு எதிரி இல்லை, என் வாழ்நாள் உழைப்பே அதில்தான் போயிருக்கிறது. பதினெட்டு வயது கடந்தவர், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறார், மறுக்க நீங்கள் யார் என்ற கேள்விதான் எனக்கு எளிதில் பதில் சொல்ல முடியாதது. காவல்துறைத் தேர்வுக்கு ஒருவர், பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருவர், கண்ணாடி போட்டால் பள்ளியில் கேலி செய்த காயத்தோடு ஒருவர் என்று வரும்போது அவர்களின் தேவை பொய்யில்லை. ஆனால் சம்மதப் படிவம் ஆபத்தைத் தெரிந்து ஏற்பதற்கான தாள். கருவிழியின் பின்பரப்பில் தெரியும் சிறு மேட்டின் பொருள் படிவத்தில் கையெழுத்திடுபவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது தெரிந்தும் அவருடைய கையெழுத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு செய்வது சரியாகாது. முகூர்த்தத் தேதி நெருங்கிவிட்டது என்பது கருவிழியின் கனத்தை மாற்றாது. கல்யாணத்துக்காக வந்த குடும்பத்தின் கலக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பெண்ணின் கண்ணாடியைப் பற்றி அவர்களோடு கொஞ்சம் பேசுவதும் எங்கள் வேலையில் சேர்ந்ததே.

மறுக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை. பவர் மிக அதிகமாக இருந்து கண்ணின் முன்னறையில் போதிய இடமும் இருந்தால், கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள்ளே வைக்கும் ஐ.சி.எல். லென்ஸ் இருக்கிறது. தேவைப்பட்டால் அதைத் திரும்ப எடுத்துவிடலாம். கண்ணைத் திறந்து உள்ளே போகும் அறுவை என்பதால் அதற்கே உரிய ஆபத்துகளும் உண்டு. பரிசோதனையில் தொடக்க நிலை கெரட்டோகோனஸ் பிடிபட்டால் அது அவருக்கு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான, ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழி நார்களை இறுக்கும் சிகிச்சையால் நோயை அந்த நிலையிலேயே நிறுத்த முடியும். கண்ணாடியைக் கழற்ற வந்து, பார்வையைக் காப்பாற்றிக்கொண்டு போகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

செய்துகொண்டவருக்கும் சொல்லவேண்டியது மிச்சமிருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும், லேசர் அதைத் தடுக்காது. மைனஸ் இரண்டோடு இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டே செய்தித்தாள் படித்திருக்கலாம், இப்போது படிக்கக் கண்ணாடி வேண்டும். முப்பத்தெட்டு வயதில் வருபவரிடம் இதைச் சொல்லாமல் மேசையில் ஏற்றக் கூடாது. கிட்டப்பார்வைக் கண் நீளமான கண், லேசருக்குப் பின்னும் நீளம் அப்படியே இருக்கும், அதனால் விழித்திரை கிழியும் ஆபத்தும் அப்படியே இருக்கும். கருவிழி மெலிந்துவிட்டதால் கண் அழுத்தம் அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், குளுக்கோமா கவனத்துக்கு வராமல் தப்பிவிடலாம். அறுபதில் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவதிலும் சிக்கல் வரும். கருவிழியை அளக்கும் சாதாரணக் கருவி முன்பரப்பை மட்டும் அளந்து, பின்பரப்பு இயற்கையான விகிதத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. லேசர் அந்த விகிதத்தை மாற்றியிருப்பதால் பழைய கணக்கில் வைத்த லென்ஸ் பிளஸ் பக்கம் போய்விடும். இதற்கென்றே புதிய சூத்திரங்கள் வந்துவிட்டன. என்றாலும் அவற்றில் சிலவற்றுக்கு அறுவைக்கு முந்தைய அளவுகள் தேவை. 25 வயதில் செய்தவருக்கு அவை தேவைப்படும்போது அறுபது ஆகியிருக்கும், செய்த மருத்துவமனை இருக்குமா, மருத்துவர் இருப்பாரா, கணினியில் கோப்பு இருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அறுவைக்கு முந்தைய பவர், இரு கருவிழிகளின் வளைவு அளவு, கனம், எடுத்த மைக்ரான், செய்த தேதி இவ்வளவையும் ஒரே தாளில் அச்சிட்டு நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும். கேட்காதவருக்கும் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டவர் அதைப் பிறப்புச் சான்றிதழும் நிலப்பத்திரமும் இருக்கும் உறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.